வாங்க மறுத்தார்

"தொடாதே! கையால தொடாதேன்னு சொல்றேன்ல!"

"தொட்டா என்ன, சுட்டுடுமா? காகிதம்தானே!"

"தொட்டாலே வாங்கின மாதிரிதான். முதல்ல பேனாவைக் கீழ வை!"

"பேனாவைத்தான் வாங்கியிருக்கேன், லெட்டரை இன்னும் வாங்கல. நீங்க கத்தற கத்துல தெருவே ஜன்னலைத் திறந்துடுச்சு பாருங்க."

அது பொய்யில்லை. திறந்திருந்தோம். என் வீடு நேர் எதிரே என்பதால் என் ஜன்னல் கொஞ்சம் முன்னதாகவே திறந்திருந்தது, அவ்வளவுதான்.

கேட்டுக்கு உள்ளே ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஸ்டேஷன்காரர். அவருக்கும் கேட்டுக்கும் நடுவே பேனாவோடு அவர் மனைவி. கேட்டுக்கு வெளியே, பழுப்பு உறையை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, தபால்காரர். மாடிப்படியில், கழுத்தில் ஹெட்போன் தொங்க, ஸ்டேஷன்காரரின் தங்கை. அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் ஏழுமணி.

மாடியறையில் அண்ணனும் தங்கையும் சின்னதாக ஒரு ரேடியோ நிலையம் நடத்தினார்கள். பதினோரு வருஷமாக நடக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, கதவுக்குப் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மேஜை, இரண்டு மைக். மேஜைக்கு மேலே, முட்டை அட்டை இல்லாத ஒரே இடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ். அதில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. மற்ற நேரமெல்லாம் அண்ணன் பாட்டுப் போடுவார், நடுநடுவே அலைவரிசை என்றால் என்ன என்று யாரும் கேட்காமலே விளக்குவார். காலை ஏழு முதல் எட்டு வரை தங்கை. எந்தத் தெருவில் இன்றைக்குத் தண்ணீர் வராது, யாருடைய சாவிக்கொத்து எந்தக் கடை முன்பு கிடந்தது, எந்த பஸ் சுற்றிப் போகும், யார் வீட்டு நாய்க்குட்டியைக் காணவில்லை. இதைத்தான் சொல்வாள். கேட்காமல் நாங்கள் வாசல் தாண்ட மாட்டோம். பதினோரு வருஷத்தில் ஒரு தகவல்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. வேறு எதிலும் அவள் கர்வப்பட்டு நான் பார்த்ததில்லை. பார்க்காமல் விட்டிருப்பேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உறையின் மூலையில் ஒலிபரப்பு ஆணையத்தின் முத்திரை. ஒரே மாதத்தில் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் ஸ்டேஷன்காரர் வாங்காமல் திருப்பிவிட்டார். காரணம் இருந்தது. முன்னொரு சமயம் மின்சாரக் கம்பெனி எதற்கோ கடிதம் அனுப்ப, அதை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். நான்காவது வரவேயில்லை. "மூணு தடவை. அதுக்கு மேல அவங்களுக்குத் தெம்பு கிடையாது" என்று அதைச் சட்டம் மாதிரி சொல்வார். அந்தக் கடிதங்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்காரருக்கு வரவேண்டியவை என்பது அவர் மனைவிக்கும் எனக்கும் தெரியும்.

"அண்ணா, என்ன எழுதியிருக்குன்னாவது பாத்துடலாமே" என்றாள் ஏழுமணி.

"பாக்கவே கூடாது. என்கிட்டச் சேராத வரைக்கும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. என் சம்மதம் இல்லாம என் லைசென்ஸ்ல ஒரு புள்ளியை மாத்தட்டும் பாக்கலாம்!"

"மாத்தப் போறாங்கன்னு யார் சொன்னா?" என்று கேட்டார் மனைவி. "வாழ்த்துக்கூட அனுப்பியிருக்கலாம்ல?"

"ரிஜிஸ்டர் தபால்ல எவனாவது வாழ்த்து அனுப்புவானா?"

தபால்காரர் பொறுமைசாலி. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், பையில் ஒரு டிரான்சிஸ்டர் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். உறையை கேட் தூணின் மேல் வைத்து, 'வாங்க மறுத்தார்' என்று குண்டு குண்டாக எழுதி, தேதி போட்டார். படிக்கட்டைப் பார்த்து, "நேத்து சொன்ன நாய்க்குட்டி கிடைச்சுதாங்க?" என்று விசாரித்தார்.

"கிடைச்சுடுச்சு. மருந்துக்கடை படிக்கட்டுக்குக் கீழ தூங்கிட்டிருந்துச்சு."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஸ்டேஷன்காரர் மிச்சமிருந்த கன்னத்தையும் நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டார்.

நான்காவது தபாலில் வரவில்லை. ஆணையத்திலிருந்து ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்து, வாளியிலிருந்து பசையை எடுத்து கேட்டில் பூசி, ஒரு முழு நீளக் காகிதத்தை ஒட்டி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் இரண்டு நிமிஷம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துவருவதற்குள் ஆள் இல்லை.

அதன் பிறகுதான் கூத்து. படித்தால் வாங்கின மாதிரி ஆகிவிடும் என்று ஸ்டேஷன்காரர் முடிவு கட்டினார். கிழித்தாலும் வாங்கின மாதிரிதானாம். ஆகவே வீட்டை விட்டுப் போகும்போதும் வரும்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறப்பார். இரண்டு தடவை விரலை நசுக்கிக்கொண்டார். மனைவியிடமும் தங்கையிடமும் படிக்க மாட்டோம் என்று சத்தியம் வேறு வாங்கிவிட்டார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். "நாள் பூரா அடுத்தவங்க கண்ணைச் சோதிக்கிறேன், எங்க வீட்டு கேட்டை நான் பாக்கக் கூடாதாம்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

அந்த வீட்டு மூன்று பேரைத் தவிர தெருவே அதைப் படித்தது. படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. 'மேற்படி', 'கீழ்க்கண்ட', 'கருதி', 'கருதியுள்ளது' என்று அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றிப் போனது. ஸ்டேஷனை இழுத்து மூடப்போகிறார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். இல்லை, பெரிதாக்கப்போகிறார்கள், பன்னிரண்டு என்று போட்டிருக்கிறதே, பன்னிரண்டு ஊருக்குக் கேட்கப்போகிறது என்றார் தெருமுனைத் தையற்காரர். நான் மூன்று தடவை படித்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு யாரோ குடிவரப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதை நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

காலையில் ஏழுமணிக்குப் போன் மேல் போன். "மூடப் போறீங்களாமே?" "பாலத்துக்கு அந்தப் பக்கம் மாறிப் போறீங்களாமே?" அவள் பாவம், "எனக்கே தெரியலைங்க" என்று சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்தாள். ஊருக்கே விவரம் சொல்கிறவளுக்குத் தன் வீட்டு விவரம் தெரியவில்லை.

ஒட்டி இருபத்தெட்டாம் நாள் மழை. பசை ஊறி, காகிதத்தின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. அது விழாமல் அழுத்தத்தான் அவள் இறங்கி வந்தாள் என்பாள். மழைக்கோட்டோடு தபால்காரர் அங்கே நின்றிருந்தார்.

"படிச்சுடுங்க. எழுத்து கரைய ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"சத்தியம் பண்ணிட்டேனே."

"சத்தியம் அப்புறம் இருக்கும். இது இருக்காது."

அவள் படித்தாள். வாய்விட்டுத்தான் படித்தாள், அவளுக்கு வேறு மாதிரி படிக்க வராது. தண்ணீர் வராத தெருக்களைச் சொல்லும் அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக. "மேற்படி உரிமத்தின் நிபந்தனைகளை, உரிமதாரரின் சம்மதம் இன்றியே, பொதுநலன் கருதி மாற்ற ஆணையம் கருதியுள்ளது. இதே அலைவரிசையை, பாலத்துக்கு அப்பாலுள்ள ஓய்வுபெற்ற செவிலியர் சங்கத்தின் புதிய நிலையமும் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் நாளில் பன்னிரண்டு மணி நேரம். தனக்கு உகந்த நேரத்தை உரிமதாரர் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தவறினால் ஆணையமே நிர்ணயிக்கும்."

அப்போதுதான் தெருவுக்கே அர்த்தம் புரிந்தது. அவளுக்கும்.

மாடிக்கு ஓடினாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"அண்ணா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு! காலை நேரம் வேணும்னு ஒரு வரி எழுதிக் குடு, போதும்."

"படிச்சியா? நீ படிச்சியா?"

"படிச்சேன். எழுதிக் குடு."

"பதில் எழுதினா லெட்டர் கிடைச்சுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்குத்தானே அவங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

"அந்த ஏழு மணி போயிடும்ணா!"

"எப்படிப் போகும்? லைசென்ஸைப் பாரு. எப்பவும் போலச் சுவத்துல இருக்கு. ஒரு எழுத்து மாறியிருக்கா?"

"அது உன் லைசென்ஸ். நேரம் என்னோடது. அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பாட்டுச் சத்தம் பெரிதானது.

முப்பதாம் நாள் அவள் ஆணையத்தின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அங்கே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், துணைக்குப் போனது நான்தான். அவள் கூப்பிடவில்லை. அதே பஸ்ஸில் எனக்கும் ஒரு வேலை இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா, டீ டம்ளரை ஃபைலால் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமணி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்ததை நீட்டினாள்.

"உரிமதாரர் எங்க?"

"வரமாட்டாரு மேடம். நான் அவரோட தங்கச்சி."

"தங்கச்சி எழுதினதை நாங்க எடுத்துக்க முடியாதும்மா."

"ஏழு மணிக்குப் பேசறது நான்தான், மேடம்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "குரலைக் கேட்டதுமே நெனச்சேன். எங்க வீட்டுல தினம் கேப்போம். போன மாசம் என் மாமனாரோட குடை உங்களாலதான் கிடைச்சுது." பிறகு ஃபைலைப் புரட்டினார். "ஆனா பேப்பர்ல நீங்க எங்கயும் இல்லையே."

நான் மூக்கை நுழைத்தேன். "அதெப்படிங்க, சம்மதம் கேக்காம மாத்தலாம்?"

"சம்மதம் கேக்கல. கருத்து கேட்டோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணில்லம்மா. வேண்டாம்னு சொன்னாலும் மாத்துவோம். ஆனா என்ன வேணும்னு சொன்னா, அதுக்கு ஏத்த மாதிரி மாத்துவோம். செவிலியர் சங்கம் ரெண்டாம் நாளே எழுதிட்டாங்க, காலை ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்னு. உங்க அண்ணனும் காலைதான் வேணும்னிருந்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசியிருப்போம். ஒருத்தர்தான் வாயைத் திறந்தாங்க. நாங்க என்ன பண்ணட்டும்?"

"எங்க லைசென்ஸ்ல இப்படி மாத்தலாம்னு ஒண்ணுமே போடலையே, மேடம்" என்றாள் ஏழுமணி. "தினம் அதைப் பாத்துக்கிட்டேதான் பேசறேன். மனப்பாடம்."

"பின்பக்கமும் மனப்பாடமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடி. மேஜை மேல் ஏறி, சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். ஸ்டேஷன்காரரின் மனைவி ஒரு சின்னத் திருப்புளியை நீட்டினார், கண்ணாடிக் கடையில் ஃபிரேம் முடுக்குகிற திருப்புளி. ஆணியெல்லாம் கழன்று, பழுப்புத்தாள் பிரிந்து, லைசென்ஸ் வெளியே வந்தது. திருப்பினால், பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் பொடி எழுத்தில் இருபது நிபந்தனைகள். கடைசி நிபந்தனையை அவள் படித்தாள். "இந்த உரிமத்தை எந்நேரத்திலும், உரிமதாரரின் சம்மதம் இன்றியே, மாற்ற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு."

"இதை எப்ப எழுதினாங்க?" என்று அதிர்ந்தார் ஸ்டேஷன்காரர்.

"நீ வாங்கின அன்னைக்கே. அதுக்குக் கீழ பாரு, உன் கையெழுத்து."

அவர், தன் கையெழுத்துத்தானா என்று சந்தேகப்பட்டவர் போல ஒரு சீட்டில் போட்டுப்பார்த்தார். பிறகு, "அது அப்போ போட்டது. இப்ப நான் அதுக்குச் சம்மதிக்கல" என்றார்.

"உங்க சம்மதமே வேண்டாம்னு சம்மதிச்சிருக்கீங்க" என்றார் மனைவி. எனக்கு அது இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

ஒன்றாம் தேதி வந்தது. அன்று முதல் காலை நேரம் செவிலியர் சங்கத்துக்கு என்று உத்தரவும் கேட்டில் ஒட்டியாகிவிட்டது. அதே காலை ஏழு மணிக்கு ஏழுமணி எப்போதும் போல மைக் முன் உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னது அண்ணன். எழுந்திருக்க அவளுக்கும் மனம் வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். தன் நேரம் இன்னொருவருக்குப் போய்விட்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அன்றைக்குச் சொல்லவேண்டிய தகவலோ முக்கியமானது. எட்டு மணி முதல் நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தம், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர் வீட்டில் எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் ஜன்னல் திரையைத் தைக்கக் கொடுக்கலாமே என்று தெருமுனைக்குப் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஒலிபரப்புக் கம்பம் புதிது, இவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு உயரம். தையற்காரரின் ரேடியோவில் ஒரு நொடி இவள், ஒரு நொடி அவர்கள்.

"...எட்டு மணி முதல் தண்ணீர்... குடிப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்... வீங்கிய காலைத் தலையணை மேல்... பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்... மாலைக்குள் சரியாகாவிட்டால்... பெரிய வாளியில்..."

"ஏங்க, கால் வீங்கினவங்க மட்டும்தான் தண்ணி பிடிக்கணுமா?" என்று கேட்டார் தையற்காரர். தலைகால் புரியாமல் கடை வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண்மணி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். ஏழுமணி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள். கடை வாசலில் நின்று கேட்டாள். அவள் போட்ட பாட்டும் மூட்டுவலிக்கான யோசனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கின.

"நான் சொன்னதும் இப்படியா கேட்டுச்சு?"

தையற்காரர் மென்று முழுங்கினார். "கொஞ்சம்... கலந்துதாங்க கேட்டுச்சு."

அவள் திரும்பிப் போனாள். ஏழு இருபதுக்கு அந்தப் பாட்டு நடுவிலேயே நின்றது. அதன் பிறகு தெருமுனையிலும் செவிலியர்கள் துல்லியமாகக் கேட்டார்கள். பொத்தானை அணைத்தது அவளேதான். அண்ணன் கத்தினார். எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. பாதித் தெரு பிடித்துவைக்கவில்லை. அன்று பூராவும் அவள் எங்கள் வீட்டு அண்டாவிலும் அடுத்தவர் தொட்டியிலும் மிச்சம் மீதி வாங்கி, இல்லாதவர்களுக்கு ஒரு குடம் ஒரு குடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தப்பு. அவளாக அப்படித்தான் கணக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தச் சங்கத்தின் தலைவியைப் பார்த்தாள். அறுபத்தைந்து வயது, ஊசி போட்டுப் பழகிய கை, சுற்றி வளைக்காத பேச்சு. "ஏழுல இருந்து எட்டு வரைக்கும் நான் பேசலாமா? எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"தாராளமா. கால் வீக்கத்தை எட்டு மணிக்குத் தள்ளினா வீக்கம் என்ன கோவிச்சுக்குமா?" என்றாராம் அவர்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு அதே அலைவரிசையில் அதே குரல். முன்னைவிடத் தெளிவு. உயரமான கம்பம் அல்லவா. ஸ்டேஷன்காரர் ரேடியோவைப் படக்கென்று அணைத்தார். ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி போட்டார். என் ஜன்னலிலிருந்து இரண்டும் தெரிந்தது.

ஒரு மாதத்தில் அவள் அங்கேயே, நிலையத்துக்கு மேலே ஒரு அறை எடுத்துக் குடிபோனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று கேட்டால், தபால்காரர். வேலை நேரம் முடிந்த பிறகுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வழியனுப்ப இறங்கவில்லை. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை என்று தனக்கு விதிக்கப்பட்ட நேரத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் மறுபடி சட்டத்துக்குள் போய்விட்டது. இந்தத் தடவை பின்பக்கம் வெளியே தெரியும்படி மனைவி மாட்டிவைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலை ஏழு ஐம்பதுக்கு, காணாமல் போன ஒரு சைக்கிள் பம்ப்புக்கும் பஸ் தடம் மாறியதற்கும் நடுவே அவள் அதே நிதானத்தில் சொன்னாள்: "அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் செவிலியர் சங்கக் கூடத்தில் எனக்கும் நம் தபால்காரருக்கும் திருமணம். கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாரும் வரலாம்." அப்புறம் பஸ் எண்ணைச் சொன்னாள்.

நான் அடுப்பை அணைக்கக்கூட மறந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

எதிர் வீட்டில் ஏற்கெனவே சத்தம். "என்னைக் கேக்காம? என் தங்கச்சி கல்யாணம், என் சம்மதம் இல்லாம, ஊருக்கே ரேடியோவில சொல்றா!"

"உங்களுக்குத்தான் முதல்ல எழுதினா" என்றார் மனைவி.

"எப்ப?"

"போன மாசம் முழுக்க. ரிஜிஸ்டர் தபால்ல. நீங்கதான் உறையைக்கூடப் பாக்காம மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க. எதுவா இருந்தாலும் வேண்டாம்னு மாப்பிள்ளை முகத்துக்கு நேராவே சொன்னீங்க. அவர் அதே தூண் மேல வெச்சு எழுதிக்கிட்டுப் போனார்."

கல்யாணத்துக்கு ஸ்டேஷன்காரர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், இரண்டு மைக்கையும் பரிசாகக் கொடுத்தார். அண்ணனும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எவ்வளவோ நெருங்கிப்போனேன், செவிலியர் தலைவி நடுவே வந்து என் முழங்காலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தபால்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு வருகிறவர் புதியவர், ரேடியோ கேட்பதில்லை. ஸ்டேஷன்காரர் இப்போது எந்த உறை வந்தாலும் பாய்ந்து வந்து கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் எனக்கு வந்ததற்கும் அவரே போட்டு வாங்கிவிட்டார். வாங்கினது மட்டுமில்லை, பிரித்துப் படித்தும் விட்டார்.